உலகத்துக்கு வந்த இருமல்

சமையலறை மேசையில் மடிக்கணினியை விரித்து வைத்து அவள் தட்டிக்கொண்டிருந்தாள். மடியில் வாயாடி. இன்னும் மூன்று வயது ஆகாத அந்தக் குழந்தை திரையில் தெரிந்த நுரையீரல் படத்தைத் தொட்டு, "இது என்ன?" என்றது.

"நீயும் நானும் மூச்சு விடுற பை."

"எனக்குப் பை வேணாம்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டது.

கடல் தாண்டி வந்து உலக சுகாதாரத்தில் முதுகலை படிக்கிறவள் அவள். அந்த வீட்டின் மாடி அறையில் வாடகைக்கு இருந்தாள். கீழே இருந்ததும் தமிழ்க் குடும்பம்தான்: துணிக்கடையில் வேலை பார்க்கும் அக்கா, பேருந்து ஓட்டும் அண்ணன், அவர்களுடைய வாயாடி. வந்த அன்றைக்கே அண்ணன் என்ன படிப்பு என்று விசாரித்தார். சொன்னதும், "உலகத்துக்கே சுகாதாரமா? அப்ப நீதான் எங்க வீட்டு உலகம்" என்றார். அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. "உலகம் சாப்பிட்டுச்சா", "உலகம் இன்னும் தூங்குதா" என்று வீடு முழுக்க அவள் பேச்சாகவே இருக்கும்.

காசநோய் வந்தவர்கள் ஏன் இவ்வளவு தாமதமாக மருத்துவரிடம் போகிறார்கள் என்பதுதான் அவளுடைய ஆய்வு. வெட்கம், வேலை போய்விடுமோ என்ற பயம், வீட்டுப் பெண்களுக்கு வரன் தட்டிப்போகுமே என்ற கவலை என்று வகுப்பில் அவள் காரணங்களை அடுக்கினால் பேராசிரியரே தலையாட்டிக் கேட்பார். அடுக்கிக்கொண்டே நடுநடுவில் இருமுவாள்.

அந்த இருமல் பல வாரமாக விடவில்லை. குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று முதலில் நினைத்தாள். பிறகு தூசியின் மேல் பழி போட்டாள். அப்புறம் தூக்கம் போதவில்லை என்றாள். சாயங்காலமானால் உடம்பு லேசாகச் சுட்டது. உடுப்பெல்லாம் தொளதொளவென்று ஆனது. வேறு யாராவது வந்து இதையே சொல்லியிருந்தால் கையைப் பிடித்து மருத்துவமனைக்கு இழுத்துப் போயிருப்பாள். தனக்கு என்று வந்தபோது படித்த படிப்பு வாயே திறக்கவில்லை. கைக்குட்டையில் ஒருநாள் சிவப்பாக ஒரு கீற்றுத் தெரிந்தது. அதன் பிறகுதான் போனாள்.

காசநோய்தான்.

மருத்துவமனைச் செவிலியர் நிதானமான பெண்மணி. வழக்கமான மருந்துக்கே கட்டுப்படும் வகைதான், மாதக்கணக்கில் விடாமல் மாத்திரை சாப்பிட்டால் குணமாகிவிடும், தொற்று அடங்கும்வரை மட்டும் தனியாக இருக்க வேண்டும் என்று பொறுமையாக விளக்கினார். கூட இருந்தவர்கள் யார் யார் என்று கேட்டார். அவர்களைத் தாங்களே கூப்பிட்டுப் பரிசோதிப்பதாகவும், யாரிடமிருந்து தொற்றியது என்பதை வெளியில் சொல்வதில்லை என்றும் உறுதி கொடுத்தார். அவள் முதலில் சொன்னது வாயாடியைத்தான். சின்னக் குழந்தைகளுக்கு இந்தக் கிருமி மூளைவரை போகக்கூடும் என்று அவளே எழுதியிருக்கிறாள்.

வெளியே வந்து, முகக்கவசத்தோடு ஒரு சுவரோரமாக நின்று அம்மாவைக் கூப்பிட்டாள். விஷயத்தைச் சொன்னாள்.

"யார்கிட்டயாவது சொன்னியா?" என்றாள் அம்மா.

"இன்னும் இல்லம்மா."

"சொல்லிடாத. உன் தங்கச்சிக்கு இப்பதான் பேசி முடிச்சிருக்கோம். நெஞ்சுச் சளின்னு சொல்லிக்கலாம்."

"கீழ சின்னக் குழந்தை இருக்கும்மா."

"ஆஸ்பத்திரியிலயே கூப்பிடுவாங்கன்னு சொல்றியே. நீ ஏன் நடுவுல போய் வாயக் குடுக்குற?"

அம்மா சொன்னதை அவளால் தள்ளிவிட முடியவில்லை. தப்பித்துக்கொள்ள வழி நேர்மையாகவே திறந்திருந்தது. ஆனால் கீழ்வீட்டு அக்காவை அவளுக்குத் தெரியும். தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் எடுக்கவே மாட்டாள். எடுத்தாலும், யாருக்கோ வந்ததாம், நமக்கென்ன என்று வேலை மும்முரத்தில் தள்ளிப் போடுவாள். அந்தத் தள்ளிப்போடலில் குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

வீட்டுக்குப் போனவள் உள்ளே நுழையவில்லை. கொல்லைப்புறத்தில் தள்ளி நின்றுகொண்டு அக்காவை வெளியே வரச் சொன்னாள்.

"அக்கா, எனக்கு டி.பி. இன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

அக்காவின் கையிலிருந்த ஈரத்துணி கீழே விழுந்தது. "எம் புள்ளைய மடியிலயே வச்சிக்கிட்டு இருந்தியேடி."

"ஆமாக்கா."

"நீ இதத்தான படிக்கிற?"

"திட்டுங்கக்கா, வாங்கிக்கிறேன். ஆனா நாளைக்கே குட்டிய டெஸ்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. நீங்களும் அண்ணனும்கூட பாத்துக்கோங்க. அப்புறமா என்னைக் காலி பண்ணச் சொன்னாலும் பண்ணிடறேன்."

அக்கா கதவைச் சாத்திக்கொண்டாள்.

மாடிக்கு வெளிப்பக்கமாக ஒரு படிக்கட்டு இருந்தது. அதன் வழியே ஏறிப்போய் ஜன்னல்களைத் திறந்து வைத்துக்கொண்டு அவள் தனியாகக் கிடந்தாள். கீழே குழந்தை "உலகம், உலகம்" என்று கூப்பிடுவதும், யாரோ அதட்டுவதும் கேட்டது. மத்தியானம் அண்ணன் குரல் வந்தது. "உலகம், படிக்கட்டுல சாப்பாடு இருக்கு. அக்கா வச்சது. நான் வச்சேன்னு சொல்லச் சொன்னா." அழுதுகொண்டிருந்தவளுக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

பரிசோதனை முடிவு வந்தது. அக்காவுக்கும் அண்ணனுக்கும் ஒன்றுமில்லை. வாயாடியின் உடம்பில் கிருமி புகுந்திருந்தது. ஆனால் நோயாக மாறவில்லை. சரியான நேரத்தில் வந்தீர்கள், தடுப்பு மருந்து கொடுத்தால் போதும் என்றார் மருத்துவர்.

அன்றைக்கு அக்கா படிக்கட்டின் அடியில் வந்து நின்றாள்.

"ஆஸ்பத்திரியிலேர்ந்து ரெண்டு தடவ போன் வந்திருக்கு. தெரியாத நம்பர், நான் எடுக்கவே இல்ல" என்றாள். "நீ மட்டும் வாயத் தொறக்கலன்னா..." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "காலி பண்ற பேச்செல்லாம் வேணாம். ஒழுங்கா மாத்திரையப் போடு."

அவள் தன் தங்கையிடமும் மறைக்கவில்லை. தங்கை அவளுக்குச் சளைத்தவள் இல்லை. மாப்பிள்ளையைக் கூப்பிட்டுத் தானே சொல்லிவிட்டாள். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். மாப்பிள்ளை வீட்டிலிருந்து பல நாள் பேச்சு மூச்சே இல்லை. அம்மாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பிறகு மாப்பிள்ளையே தங்கையைக் கூப்பிட்டார். வீட்டில் எல்லோரையும் சமாதானம் செய்யத்தான் இத்தனை நாள் ஆனதாம். "உங்க அக்காவுக்கு மருந்து ஒத்துக்குதா?" என்று விசாரித்தார். அவ்வளவுதான்.

தொற்று இல்லை என்று மருத்துவர் சொன்ன பிறகு வகுப்புக்குப் போனவள், அதே தலைப்பில் மறுபடி பேசினாள். இந்த முறை புள்ளிவிவரத்தில் தொடங்கவில்லை. "எனக்கு வந்தது. எல்லாம் தெரிந்தும் நானே தாமதித்தேன்" என்று தொடங்கினாள். பக்கத்தில் இருந்த ஒருவர் நாற்காலியை நகர்த்திக்கொண்டார். அவள் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தாள். அன்றைக்கு அந்த அறையில் யாரும் குறிப்பெடுக்கவில்லை. முடியும்வரை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மருந்தெல்லாம் முடிந்து, நன்றாகத் தேறி, தங்கை கல்யாணத்துக்கு ஊருக்கு வந்தாள். உறவுக்காரர் சிலர் ஒரு நாற்காலி தள்ளியே உட்கார்ந்தார்கள். கல்யாணம் முடிந்து வீடு ஓய்ந்திருந்தபோது பெரியம்மா ஒருத்தி அம்மாவிடம் வந்து குசுகுசுத்தாள்.

"எம் மருமகளுக்கு இருமல் நிக்கவே மாட்டேங்குது. எடையும் குறைஞ்சிட்டே போகுது. ஆஸ்பத்திரிக்குப் போயி, ஒண்ணு கெடக்க ஒண்ணு சொல்லிட்டாங்கன்னா வெளிய தலை காட்ட முடியுமா? அதான் கசாயம் வச்சிக் குடுக்குறேன்."

அம்மா குரலைத் தாழ்த்தவில்லை. கூடத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்கும்படியாகவே சொன்னாள்.

"எம் பொண்ணுக்கு டி.பி. வந்துச்சுக்கா. மாத்திரை சாப்பிட்டா, சரியாயிடுச்சு. சொல்லாதன்னு நான்தான் தடுத்தேன். அவ கேக்கல. அவ கேட்டிருந்தா, இன்னொருத்தர் வீட்டுக் குழந்தை இன்னிக்கு என்ன ஆயிருக்குமோ. வியாதி வர்றதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல. மறைச்சு வச்சுப் பக்கத்துல இருக்கறவங்களுக்கும் குடுக்குறோமே, வெக்கப்படணும்னா அதுக்குத்தான் படணும். எழுந்திரிங்க, மருமகளைக் கூப்பிடுங்க. நானும் கூட வர்றேன், டாக்டர்கிட்ட போவோம்."