பதினோராம் பொத்தான்

1

பழைய சிந்தசைசர்களை, அதாவது மின்னிசைப் பெட்டிகளை, பழுது பார்க்கும் ஹாம்பர்க் நண்பர் ஒருநாள் சொன்னார்: "எந்தப் பொட்டியத் தொறந்தாலும் கம்பெனி போட்ட சத்தம் அப்படியே இருக்கு. ஒருத்தனும் அதுல கை வெச்சதே இல்ல." இந்தக் கதை அங்கே பிறந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மையில் பிறந்தது பொறாமையில். என் போன கதையில் எல்லோரும் பாராட்டிய ஒரே வரி, மெய்ப்புப் பார்த்த பெண் சேர்த்தது.

2

1981. ஹாம்பர்க்கின் ஆல்டோனா பகுதியில், ஒரு பின்கட்டுப் பட்டறையில், மேதை ஃபோல்கர் டீடெமன் இரவு பகலாக…

[வேண்டாம். மேதைகளின் கதையெல்லாம் இப்படித்தான் தொடங்கித் தொலைக்கிறது.]

ஃபோல்கர் எட்டு வருடம் பாடுபட்டு, ஒலிகளை நினைவில் வைத்துக்கொள்ளும் சிந்தசைசர் ஒன்றைச் செய்தான். நினைவைச் சோதிக்க, பொத்தானுக்கு ஒன்றாக இருபது ஒலிகள் வேண்டியிருந்தன. தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும் தங்கை ஹைக்கேயிடம், "எதையாவது போட்டு ரொப்பு" என்றான். அவன் செய்த தப்பு அதுதான்.

பார்க்க வந்த இசைக்காரர்கள் பதினோராம் பொத்தானை அழுத்தினார்கள், கண்ணை மூடினார்கள், "இத யாரு போட்டது?" என்றார்கள். பெட்டியை யார் செய்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

3

ஃபிராங்க்ஃபர்ட் இசைக்கருவிக் கண்காட்சிக்கு ஒரு நாள்தான் இருந்தது. ஆர்டர் வராவிட்டால் பட்டறையை மூட வேண்டியதுதான். ஹைக்கே ரொட்டிக் கடைக்குப் போன நேரத்தில், வயிறு எரிந்து, ஃபோல்கர் இருபதையும் அழித்தான்.

(முந்தைய பிரதியில் கடைசி நொடியில் அவன் மனம் மாறினான். அது பொய். அந்த எரிச்சல் எனக்குத் தெரியும்.)

பிறகு தானே ஒன்று போட்டுப் பார்த்தான். வீடு பெருக்கும் மெஷின் போல உறுமியது.

"ஹைக்கே, எல்லாம் அழிஞ்சு போச்சு."

"அழிஞ்சுதா, அழிச்சியா?"

அவன் பெட்டியின் மேல் இல்லாத தூசியைத் துடைத்தான்.

"மூஞ்சிய அப்படி வெச்சுக்காத. போய் காபி போடு. அதுக்குள்ள வேற போட்டுடறேன். பழசு எனக்கே அலுத்துப்போச்சு."

காபி இறங்குவதற்குள் போட்டுவிட்டாள். புதிய பதினோராம் ஒலி பழையதைவிட நன்றாக இருந்தது.

4

இரண்டு கோப்பைகளோடு நிற்கும் ஃபோல்கர் இப்போது ஏதாவது சொல்ல வேண்டும்.

"நல்லா இருக்கு" என்றான். [சொல்ல மாட்டான்.]

"என் பொட்டி இல்லாட்டி நீ…" என்று [சொல்வான். ஆனால் அதோடு அண்ணன் தங்கை உறவு போய்விடும். எனக்கு மனம் வரவில்லை.]

கோப்பையை அவள் பக்கம் நகர்த்தி,

மூன்று வாரமாக இதே இடத்தில் நிற்கிறேன். அந்த ஒரு வரியை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் சட்டென்று வந்துவிட்டால், தயவுசெய்து என்னிடம் சொல்லாதீர்கள்.