ஸ்ட்ராஸ்பர்க் விலாசம்

“விலாசத்தைச் சொல்லு, எழுதிக்கறேன்,” என்று மூன்றாம் தடவையாகக் கேட்டார் சாம்பசிவன். பாகீரதி அப்பாவின் கால் கட்டைவிரல்கள் இரண்டையும் துணிக் கிழிசலால் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள். முடிச்சு நன்றாகத்தான் விழுந்திருந்தது. அதை அவிழ்த்து மறுபடியும் கட்டினாள். சித்தப்பாவுக்குப் பதில் சொல்லாமல் இருப்பதற்கு வேறு வேலை எதுவும் கிடைக்கவில்லை.

பிச்சுமணி ஐயர் அன்று காலை ஆறு மணிக்குப் போய்விட்டார். திருவிதாங்கூர் அஞ்சலில் முப்பத்தோரு வருஷம் உத்தியோகம் பார்த்தவர். மனைவி முன்பே போய்விட்டாள். நெஞ்சுவலி என்று படுத்தவரைப் பார்த்துக்கொள்ள பாகீரதி ஸ்ரீவராகத்துப் புக்ககத்திலிருந்து வலியசாலையில் அப்பா வீட்டுக்கு வந்து இரண்டு மாதமாகிறது. கொள்ளி வைக்கவேண்டிய ஒரே பிள்ளை கல்யாணராமன் ஐரோப்பாவில் எங்கேயோ சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தான்.

எங்கேயோ என்று தெருக்காரர்கள் சொல்லலாம், பாகீரதி சொல்லமாட்டாள். இங்கிலாந்தில் என்ஜினீயரிங் முடித்தவன் நேரே கப்பலேறாமல், ஸ்ட்ராஸ்பர்க் என்ற ஊரில் ஒரு சிநேகிதன் வீட்டில் போய்த் தங்கினான். அங்கிருந்து எழுதிய கடிதம் ஐந்து நாளைக்கு முன் வந்தது. ‘நாளைக் காலை தனியாகச் சைக்கிளில் கிளம்புகிறேன். ரைன் நதியோடு தெற்கே போய், ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி, இத்தாலியில் ஜெனோவா துறைமுகத்தில் கப்பல் பிடிப்பேன். இருபத்தைந்து நாள். அவசரமென்றால் சிநேகிதனுக்குத் தந்தி கொடுத்தால் போதும், நான் போகும் ஊர்த் தபாலாபீஸுக்கு அவன் அனுப்பிவிடுவான்.’

“கடுதாசி வர்றதுக்குப் பத்து நாளாயிருக்கு. பய அதுக்குள்ள பாதி வழி போயிருப்பன்,” என்றார் பிச்சுமணி ஐயர். உடனே பள்ளிக்கூட அட்லாஸ் ஒன்று இரவல் வந்தது. பிறகு தினமும் காலையில் அப்பாவும் பெண்ணும் அதன்மேல் கவிழ்ந்துகொள்வார்கள். மருந்து ஆறிப்போகும். மலையில் பஞ்சரானால் என்ன செய்வான்? ராத்திரி யார் வீட்டில் படுப்பான்? நாய் துரத்துமோ? துரத்தினால் எந்தப் பாஷையில் அதட்டுவான்? இத்தனை கேள்வி கேட்டவர், நாற்பது வயதில் சைக்கிள் பழகுகிறேன் என்று கிளம்பி, பஞ்சகச்சமும் தலைப்பாகையுமாகக் கிள்ளிப்பாலம் இறக்கத்தில் ஒரு வாழைத் தோட்டத்துக்குள் போய் விழுந்தவர். அதன் பிறகு அந்த வாகனத்தைத் தொட்டதில்லை.

நேற்றுச் சாயங்காலம் பாகீரதியின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். “மலைக்கு அந்தப் பக்கம் எப்படி இருக்குன்னு அவன் பார்க்கட்டும். எனக்கு என்ன ஆனாலும் நடுவில கூப்பிட்டுடாதே, கேட்டயோ.” அதைக் கேட்டவள் அவள் ஒருத்திதான்.

“யோசுவா வெளியில நிக்கறான்,” என்றார் சாம்பசிவன். அஞ்சலில் பிச்சுமணி ஐயரோடு வேலை பார்த்த யோசுவா, செய்தி தெரிந்ததும் ஓடிவந்து, தந்தி ஆபீஸுக்குத் தான் போவதாகச் சொல்லிக் குடையோடு தெருவில் காத்திருந்தார். “விலாசம் உனக்கு மட்டுந்தானே தெரியும்? கடுதாசி எங்கே?”

“சித்தப்பா, தந்தி வேண்டாம்.”

“வேண்டாமா? பெத்த பிள்ளைக்குச் சொல்லாம இருக்கறதா?”

“கப்பல் பத்து நாள் கழிச்சுத்தான். இப்பச் சொன்னாலும் அவன் வர்ற நாள் மாறாது. நடு வழியில, தெரிஞ்ச மனுஷா ஒருத்தர் இல்லாத இடத்தில உக்காந்து அழுவன், அவ்வளவுதான். இன்னிக்கு ஏர்மெயில்ல எழுதிப்போட்டா ஜெனோவாவில கிடைக்கும். அப்பாவே சொன்னார், நடுவில கூப்பிடாதேன்னு.”

“என்கிட்டச் சொல்லலையே!” சாம்பசிவனுக்குக் கோபத்தில் குரல் உடைந்தது. “இங்கே அப்பன் எரியறச்சே அங்கே பிள்ளை ஊர் சுத்தறதா? அவனுக்குத் தீட்டு இல்லையா? தெருவில என்ன பேசுவா?”

கூடத்தில் சாஸ்திரிகள் தர்ப்பையைப் பிரித்துக்கொண்டிருந்தார். பாகீரதி அவர் பக்கம் திரும்பினாள்.

“மாமா, தூர தேசத்தில இருக்கற பிள்ளைக்கு அப்பா போனது தெரியாதுன்னா, தீட்டு என்னிக்கிலேருந்து?”

“காதில விழுந்த நாள்லேருந்து பத்து நாள். வருஷம் கழிச்சு விழுந்தாலும் அப்படித்தான்.”

“அதுவரைக்கும்?”

“அதுவரைக்கும் அவனுக்கு ஒண்ணும் கிடையாது. சாப்பிடலாம், சிரிக்கலாம்.” சாஸ்திரிகள் தர்ப்பையை நறுக்கினார். “இங்கத்த காரியத்தைப் போனவரோட தம்பி பண்ணலாம். தோஷமில்லை.”

அப்படியானால் அப்பா அந்த ஒருத்தனுக்கு மட்டும் இன்னும் இருக்கிறார். வீட்டில் படுத்திருக்கிறார், அட்லாஸ் பார்க்கிறார், மருந்தை ஆறவிடுகிறார். பாகீரதிக்குத் தம்பிமேல் பொறாமையாக இருந்தது. காலையிலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சாம்பசிவன் கேட்டார். “நாளைக்கு அவன் வந்து, ஏன் எனக்குச் சொல்லலைன்னு கேட்டா?”

“நான்தான் சொல்லவிடலைன்னு சொல்லிக்கறேன்.”

“ஜன்மத்துக்கும் உன் முகத்தில முழிக்க மாட்டேன்னாக்க?”

அதை அவள் யோசிக்காமல் இல்லை. கல்யாணராமன் ரோஷக்காரன். சொல்லக்கூடியவன்தான்.

“சொன்னா சொல்லட்டும்,” என்றாள். “மலையைப் பார்த்துட்டு வந்து சொல்லட்டும்.”

சாம்பசிவன் விலாசம் எழுத வைத்திருந்த காகிதத்தை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வாசலுக்குப் போனார். பேச்சு உள்ளே கேட்டது.

“விலாசம் கெடைச்சுதா சாமி?”

“இன்னிக்கு வேண்டாம் யோசுவா.”

“அப்போ பையனுக்கு?”

“பையன் மலை ஏறிண்டிருக்கான்,” என்றார் சாம்பசிவன்.

பதினொரு மணிக்குப் பிச்சுமணி ஐயரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பெண்கள் கூடத்தைக் கழுவிவிட்டுத் தலை முழுகினார்கள். சாம்பசிவன் மயானத்திலிருந்து திரும்பும்போது ஒரு மணி இருக்கும். ஈர வேட்டியோடு கூடத்துத் தூணில் சாய்ந்து உட்கார்ந்தார். பாகீரதி ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். அவர் அதை எடுக்கவில்லை. கொள்ளி வைத்த தன் வலது கையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அங்கே இப்ப மணி என்ன இருக்கும்?” என்று கேட்டார்.

“எட்டரை. காலம்பற.”

“கிளம்பியிருப்பனோ?”

“கிளம்பியிருப்பன் சித்தப்பா.”

“மழையா இருந்தாக்க?”

“எங்கயாவது மரத்தடியில நிப்பன்.”

“ம்.” நிமிர்ந்து, “அந்த மலை எந்தத் திக்கில இருக்கு?” என்றார்.

பாகீரதி அட்லாஸை மனசில் பிரித்துப் பார்த்தாள். பிறகு வடமேற்கே, அடுப்பு மூட்டாத சமையலறை மூலையைக் காட்டினாள். சாம்பசிவன் தூணை விட்டு நகர்ந்து, அந்தப் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தார்.