தொட்டுவிட்ட கை

அந்த ஜிம்னாஸ்டிக்ஸ் கிளப்பில் தலைமைப் பயிற்சியாளர் மனைவி. கம்பிக்குக் கீழே நின்று பிள்ளைகளைப் பிடிப்பவர் கணவர். திட்டம் போடுவது, அதட்டுவது, நடுவர்களிடம் வாதாடுவது எல்லாம் அவள் பொறுப்பு. அவருடைய வேலை கைகளில்தான். உயரக் கம்பியை விட்டுக் காற்றில் சுழன்று மறுபடி கம்பியைப் பிடிக்கும் அந்தக் கணத்தில் ஒரு பெண்ணுக்குப் பிடி தவறினால், இடுப்பில் கைகொடுத்து, தலை அடிபடாமல் மெத்தையில் இறக்கிவிடுவார். பிள்ளைகளுக்கு அவர் மாஸ்டர், அவள் மேடம்.

காலையில் தேசிய அணிக்குத் தயாராகிறவர்கள் வருவார்கள், மாலையில் கல்லூரி அணிக்காரர்கள். போன பருவத்தில் கல்லூரி அணியின் கேப்டன் கம்பியிலிருந்து விழுந்தாள். மாஸ்டர் கை நீட்டினார், எட்டவில்லை. முழங்காலில் அறுவைச் சிகிச்சை, பிறகு ஊன்றுகோல். யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் தூங்கியிருப்பார். அதற்குப் பிறகு அவர் கம்பிக்கு நெருங்கி நிற்கத் தொடங்கினார்.

காலைக் குழுவில் எல்லோரையும்விடக் குட்டையாக இருந்தவளைக் குருவி என்று கூப்பிடுவார்கள். "மாஸ்டர், கொஞ்சம் தள்ளி நில்லுங்க. உங்க கைதான் தெரியுது, கம்பி தெரியல" என்று அவள் பலமுறை சொல்லிப் பார்த்தாள். "சரிம்மா" என்று நகர்வார். அடுத்த சுற்றில் பழைய இடத்துக்கே வந்திருப்பார்.

தேசிய அணித் தேர்வு வந்தது. போட்டியில் பயிற்சியாளர் கம்பிக்குக் கீழே நிற்கலாம். ஆனால் வீராங்கனையைத் தொட்டால் மதிப்பெண் போய்விடும். குருவி அன்று நன்றாகவே ஆடினாள். கம்பியை விட்டாள், சுழன்றாள், வழக்கத்தைவிடச் சற்றுத் தள்ளிப் போனாள். மாஸ்டரின் உள்ளங்கை அவள் முதுகில் பட்டது. அதற்குள் அவள் விரல்கள் கம்பியை இறுகப் பிடித்திருந்தன. மிச்ச ஆட்டத்தைப் பிசகில்லாமல் முடித்து, கால் அசையாமல் இறங்கினாள். நடுவர்கள் பார்த்துவிட்டிருந்தார்கள். மயிரிழையில் இடம் போயிற்று.

திரும்பும்போது மாஸ்டர்தான் கார் ஓட்டினார். பின்சீட்டில் குருவி மணிக்கட்டுப் பட்டியை உரித்துக்கொண்டே வந்தாள். தன் வீட்டு வாசலில் இறங்கி, "வரேன் மேடம்" என்றாள். மாஸ்டர் பக்கம் திரும்பவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள். "அவ பிடிச்சுட்டா. உங்களுக்குத் தெரியலையா?"

"தெரிஞ்சுது. கை கேக்கல." சாவியை மேசையில் வைத்தார். "இனிமே நான் நிக்கல. வேற ஆளப் பாரு."

"ஆள் கெடைக்கும், அது பெரிய விஷயமில்ல. ஆனா இத எங்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? அந்தப் பொண்ணுகிட்ட போய்ப் பேசுங்க."

மறுநாள் மாலை, பயிற்சிக்குத் திரும்பியிருந்த கேப்டன் முழங்காலுக்குப் பட்டி சுற்றிக்கொண்டிருந்தாள். விஷயம் அவள் காதுக்கும் போயிருந்தது.

"மாஸ்டர், நான் விழுந்ததுக்காகத்தான் அவளத் தொட்டீங்களா?"

அவர் குனிந்து பட்டியின் நுனியைப் பிடித்துக்கொடுத்தார்.

"முட்டி என்னோடது மாஸ்டர். வருத்தப்பட நான் இருக்கேன்ல, நீங்க எதுக்குப் பங்கு கேக்குறீங்க?" என்றாள். அவரைச் சிரிக்கவைக்கத்தான் சொன்னாள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

அடுத்த நாள் காலை குருவி உள்ளங்கையில் சாக்பொடி தேய்த்துக்கொண்டிருந்தாள். மாஸ்டர் அவள் எதிரில் மெத்தையில் உட்கார்ந்தார்.

"என் தப்புதாம்மா. உன்ன நம்பாம தொடல. எனக்குப் பயம் வந்துச்சு, தொட்டுட்டேன்."

"எனக்குக் கோவம் போகல மாஸ்டர்."

"போக வேணாம்."

"இடம் போனதுகூடப் பரவாயில்ல. நானாவேதான் பிடிச்சேன். அது யாருக்குமே தெரியாம போச்சு."

 வேறு ஆளை நிற்கச் சொல்லட்டுமா என்று அவர் கேட்டார்.

"ஐயோ, வேணாம். உங்க பயமாவது பழகினது. புதுசா ஒருத்தர் பயத்த நான் எங்க போய்ப் பழகறது?" எழுந்தாள். "வாங்க. நான் விழறேன், நீங்க பாருங்க."

கூடத்தின் கோடியில் பஞ்சுத் துண்டுகள் நிரம்பிய குழி ஒன்று உண்டு. அதன் மேலுள்ள கம்பியிலிருந்து எப்படி விழுந்தாலும் அடிபடாது. குருவி ஏறினாள். கம்பியை விட்டுச் சுழன்று, வேண்டுமென்றே பிடிக்காமல் குழியில் விழுந்தாள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு விளிம்பில் நின்ற மாஸ்டருக்குத் தோள் துள்ளியது. பஞ்சை உதறிக்கொண்டு ஏறி வந்தவள் மறுபடி விழுந்தாள். முதுகில், பக்கவாட்டில், முழங்காலில் என்று விதவிதமாக விழுந்தாள். மேடம் தூரத்திலிருந்து பார்த்தாள், அருகில் வரவில்லை. சில நாள் இப்படியே போன பிறகுதான் தோள் துள்ளுவது நின்றது. பிறகு இருவரும் பழைய உயரக் கம்பிக்குத் திரும்பினார்கள். எங்கே நிற்கவேண்டும் என்று குருவியே தரையில் டேப் ஒட்டிக் காட்டினாள்.

அடுத்த பருவத் தேர்வில் அவள் அதே ஆட்டத்தை ஆடினாள். கம்பியை விட்டபோது இந்தத் தடவையும் தள்ளித்தான் போனாள். மாஸ்டர் நின்ற இடத்திலேயே நின்றார். அவள் உள்ளங்கைகள் கம்பியில் பட்ட சத்தம் கேட்டது. இறங்கும்போது ஒரு எட்டுத் தடுமாறினாள். அணியில் மாற்று ஆளாகத்தான் பெயர் வந்தது. ஆனாலும் பெயர் வந்தது.

முடிவு சொன்ன பிறகு தண்ணீர் பாட்டிலோடு அவரிடம் வந்தாள்.

"மாஸ்டர், நான் விட்டப்ப பயந்தீங்களா?"

"பயந்தேன்."

"நானும்தான்" என்று சொல்லிவிட்டு, மூடியைத் திறந்து குடிக்க ஆரம்பித்தாள்.