ஆறாவது வரி

குடிக்காத மாப்பிள்ளை. தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் வினோஜனுக்கு அதுதான் பட்டம். சூட்டியவள் மாமியார் பூரணி. மகள் சுலக்ஷனா செத்து எட்டு மாதமாகியும் மருமகன் ஒரு சொட்டுச் சாராயம் தொடவில்லை என்று கொழுந்து பறிக்கும் மலை முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். அதனால்தான் வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில் பெண்களைக் கூட்டி, போதைப்பழக்கம் பற்றிய தாளை வாசித்து விளக்க அவனையே கூப்பிட்டார்கள். படித்தவன், தோட்டப் பள்ளிக்கூடத்து வாத்தியார். அவனுடைய கைக்குழந்தையும் பகலில் அங்கேதான் தூங்கும்.

பழக்கம் நோயாகிவிட்டதை எப்படிக் கண்டுகொள்வது என்று பத்து வரிகள். அளவு கூடிக்கொண்டே போகும் என்று முதல் வரியை வாசித்ததுமே, தன் வீட்டுக்காரரைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள் என்றாள் பேச்சியம்மா. ஒரே சிரிப்பு. இல்லாவிட்டால் கை நடுங்கும். ஒளித்து வைப்பார். ஒரே கடையில் கேட்கக் கூசி, கடை மாற்றுவார்.

வினோஜனின் குரல் இறங்கியது. அவள் செத்த பிறகு அவனுடைய தூக்கத்துக்கு டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தது இரண்டே வாரத்துக்கு. பிறகு ஹட்டனில் ஒரு மருந்துக்கடை. அங்கே முறைத்ததும் தலவாக்கலையில் இன்னொன்று. இப்போது பகலிலும்.

ஐந்தாவதை வாசித்தான். அடுத்து ஏழாவது.

"சேர், ஆறாவத விட்டுட்டீங்க," என்றாள் காம்பராவைப் பார்த்துக்கொள்ளும் அழகம்மா. அவள் கையிலும் ஒரு தாள்.

பிள்ளைகளை மறப்பார். அதுதான் ஆறாவது. போன வாரம் இரண்டு நாள் குழந்தையைக் கூட்டிப்போக அவன் வரவில்லை. பூரணி பறித்த கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்துதான் தூக்கிப் போனாள். வயிற்றுவலி என்று அவளிடம் சொல்லியிருந்தான்.

தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் வாசித்தான்.

"குடிகாரனுக்குத்தான இதெல்லாம்," என்றாள் பூரணி. "எங்க மாப்பிள்ள மருந்து மட்டுந்தான் போடுறாரு."

"அந்த மருந்தும் இந்தத் தாள்ல சொல்ற பழக்கந்தான், அத்த."

யாரும் சிரிக்கவில்லை. பூரணி கூடைக் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டு தரையைப் பார்த்தாள். அவன் சட்டைப் பையிலிருந்த மாத்திரை அட்டையை எடுத்து மேசையில் வைத்தான். பாதி காலி.

"அழகம்மாக்கா, நாலு மணிக்கு நான் வந்தா கண்ணப் பாருங்க. சொக்கியிருந்தா புள்ளயக் குடுக்காதீங்க."

"நேத்தும் பாத்துட்டுத்தான் சேர் குடுத்தேன்," என்றாள் அவள். "கேக்கத்தான் வாய் வரல."

பூரணி எழுந்து வந்தாள். அட்டையை எடுத்து முந்தானையில் முடிந்தாள். நாளைக்கு வேலைக்குப் போகவில்லை, ஆஸ்பத்திரிக்குக் கூட வருகிறேன் என்று அவன் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்.

"மிச்சத்தையும் வாசிங்க சேர்," என்றாள் பேச்சியம்மா, மெதுவாக.