ஒரு லட்சத்து எண்பத்து நாலாயிரம் மைல்

புதன்கிழமை மாலை மகள் போன் செய்தபோது அம்மா ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருந்தாள். அங்கே அவள் டெக்னீஷியன். மகள் துணை விமானி. பயிற்சியெல்லாம் முடிந்து, பயணிகளை ஏற்றிக்கொண்டு அவள் ஓட்டப்போகும் முதல் விமானம் சனிக்கிழமை காலை ஆறு நாற்பதுக்கு, இதே ஊரிலிருந்து கிளம்புகிறது. வேலையில் சேர்ந்து ஆறு மாதம் ஆனால்தான் வீட்டாருக்கு இலவச டிக்கெட் உண்டு. ஆகவே டிக்கெட்டை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள்.

"அந்த ப்ளேன்ல நான் இருப்பேன்டி" என்று சொல்லிவிட்டாள் அம்மா, கையுறையைக்கூடக் கழற்றாமல். அதுவரை அவள் விமானத்தில் ஏறியதே இல்லை.

அதற்குக் காரணம் வறுமை அல்ல, கணவர். ஆஸ்பத்திரிக் கட்டில் விற்கும் கம்பெனியில் அவர் மண்டல மேலாளர். வாரம் இரண்டு முறை பறந்து பறந்து, ஒரு பெரிய விமானக் கம்பெனியின் தங்க அட்டையைச் சம்பாதித்திருந்தார். அலுவலகத்தில் அவருக்கு 'கோல்டு சார்' என்று பெயர்; அந்தப் பெயரைப் பரப்பியதில் அவருடைய பங்கு கணிசமானது. அட்டையோடு கொடுத்த தங்க நிறப் பட்டை எப்போதும் பெட்டியில் வெளிப்பக்கமாகத் தொங்கும். ஒரு முறை காய்கறிப் பையிலும் தொங்கியது. பறக்கப் பறக்கக் கம்பெனி பரிசாக மைல் கொடுக்கும், சேர்த்துவைத்து டிக்கெட்டாக மாற்றிக்கொள்ளலாம்; அப்படி அவர் கணக்கில் ஒரு லட்சத்து எண்பத்து நாலாயிரம் மைல் இருந்தது. மனைவியைப் பதினொரு வருடமாக அவர் கூட்டிப்போகாததற்கும் அந்த மைல்கள்தான் காரணம். போனால் முதல் வகுப்பில் போக வேண்டும், விமானத்துக்குள்ளேயே குளியலறை இருக்க வேண்டும், அதற்கு இன்னும் கொஞ்சம் சேர வேண்டும் என்பார்.

அன்று வீட்டுக்கு வந்தவுடன் அவள் விஷயத்தைச் சொன்னாள். அவர் துள்ளிக் குதித்தார் என்றே சொல்ல வேண்டும். அந்த விமானத்தில் இன்னும் பதினொரு சீட் இருப்பதைப் பார்த்துவிட்டு, மடிக்கணினியை டிவியில் இணைத்து, சோபாவில் மனைவியை உட்காரவைத்து, காசு கொடுத்து வாங்குவது கோல்டு சாருக்கு இழுக்கு என்பதால், எந்தப் பாயிண்டை எடுப்பது என்று விளக்க ஆரம்பித்தார்.

மகள் வேலை பார்ப்பது சிக்கனக் கம்பெனி. தண்ணீர் பாட்டிலுக்கும் காசு வாங்குகிறவர்கள். பெரிய கம்பெனிக்கும் அதற்கும் கூட்டு இருப்பதால் தங்க மைல்களை அங்கே செலவழிக்க முடியும். ஆனால் செலவழிப்பது பாவம் என்றார் கோல்டு சார். ஒரு மைலின் மதிப்பு முதல் வகுப்பில் எவ்வளவு, இந்தச் சிக்கன விமானத்தில் எவ்வளவு என்று பச்சையிலும் சிவப்பிலும் கட்டம் போட்டுக் காட்டினார். சிவப்புக் கட்டத்தைப் பார்த்து அவருக்கே நெஞ்சு அடைத்தது.

"அந்த முதல் வகுப்பு ப்ளேனை நம்ம பொண்ணா ஓட்டுறா?" என்றாள் அவள்.

அதற்கு அவர் கட்டங்களில் பதில் தேடினார். அதற்குள் சீட் ஏழாகியிருந்தது.

சரி, மைல் வேண்டாம், வங்கி அட்டையில் இருக்கும் பாயிண்டை மாற்றிக்கொள்வோம் என்று அடுத்த பக்கத்தைத் திறந்தார். மாற்றினால் வந்து சேர மூன்று வேலை நாள் ஆகுமாம். பாயிண்ட் திங்கட்கிழமை வரும். விமானம் சனிக்கிழமையே போய்விடும். சீட் நாலு.

அவள் எழுந்து நின்றுவிட்டாள். "ஏங்க, அந்தப் பாவத்தையே பண்ணித் தொலைங்க."

கோல்டு சார் மனதைக் கல்லாக்கிக்கொண்டு தங்கக் கணக்கைத் திறந்தார். இரண்டு பயணிகள் என்று போட்டார். முதல் பெயர் அவருடையது. இரண்டாவது பெயரை அவராக எழுத முடியவில்லை. ஏற்கெனவே பதிவு செய்த ஐந்து பேரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி ஒரு பட்டியல் விரிந்தது. அவர் சட்டென்று மடிக்கணினியை மூடப் பார்த்தார். டிவி ஐம்பத்தைந்து அங்குலம். அவள் படித்துவிட்டாள்.

அவருடைய எம்.டி. எம்.டி.யின் மனைவி. எம்.டி.யின் மகன். எம்.டி.யின் மாமியார். ஐந்தாவதாக, ஓய்வு பெற்றுப் போய்விட்ட பழைய எம்.டி.

"நான் எங்க?"

பதிவு செய்து பல வருடம் ஆகிறது, அது ஒரு மரியாதைக்காகச் செய்தது, அவர்கள் யாருமே இதில் ஒரு மைல்கூடத் தொட்டதில்லை என்றெல்லாம் அவர் சொன்னார். அது உண்மைதான். அவர்களிடம் இதைவிட உசத்தியான அட்டைகள் இருந்தன. ஒரு பெயரை எடுத்துவிட்டு இன்னொரு பெயரைச் சேர்க்க முப்பது நாள் ஆகும் என்றும் திரையில் இருந்தது. அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இதுல இப்போதைக்கு நான் மட்டும் போகலாம்" என்றார்.

சொன்ன பிறகுதான், சொல்லியிருக்கக் கூடாது என்று தெரிந்தது.

அவள் சண்டை போடவில்லை. அதற்கு நேரமில்லை. சூப்பர் மார்க்கெட்காரர்கள் கொடுத்த ஆப்பைப் போனில் திறந்தாள். பருப்பும் சோப்பும் வாங்கி வாங்கிச் சேர்ந்த பாயிண்ட், துணி துவைக்கும் இயந்திரத்துக்காக வைத்திருந்தது. அந்தப் பாயிண்டுக்கு வாங்கக்கூடியவற்றில் சிக்கன விமான டிக்கெட்டின் படமும் ஒரு மூலையில் இருக்கும். அதைத் தொட்டாள். இரண்டு சீட் இருந்தது, இரண்டுக்கும் பாயிண்ட் இருந்தது.

"உங்க பேரு அட்டைல இருக்கிற மாதிரியே சொல்லுங்க" என்றாள்.

அவர் எழுத்து எழுத்தாகச் சொன்னார். முன்வரிசை கிடைக்குமா என்று கேட்க வாயைத் திறந்து, மூடிக்கொண்டார். ஓ.டி.பி. வந்தது. டிக்கெட் வந்தது. அவள் கூடத்தின் நடுவில் நின்று போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை அவர்கள் கடைசிக் குழுவில் ஏறினார்கள். இருபத்தொன்பதாவது வரிசை, கழிவறைக்கு முன்னால், நடைபாதைக்கு அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர், இரண்டும் நடு சீட். ஸ்பீக்கரில் மகளின் குரல் வணக்கம் சொன்னபோது அம்மா தன் பக்கத்திலிருந்த முன்பின் தெரியாத பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள். கோல்டு சாரோ, விமானம் நகர்வதற்குள் முன்னால் நாலு வரிசைக்கும் விமானி யார் என்று தெரிவித்துவிட்டார். பணிப்பெண்ணிடம் இரண்டு முறை.

ஒரு மணி நேரம் கழித்து இறங்கும்போது சக்கரம் தரையைத் தொட்டது, எழும்பியது, மறுபடி தொட்டது. யாரோ 'அம்மாடி' என்றார்கள். "காத்து அதிகம்" என்று கோல்டு சார் தன் நாலு வரிசைக்கும் அறிவித்தார்.

எல்லோரும் இறங்கும்வரை காத்திருந்து இருவரும் முன்னால் போனார்கள். விமானி அறை வாசலில் மகள் நின்றிருந்தாள், சட்டை முதுகோடு ஒட்டி, முகமெல்லாம் சிவந்து.

"அம்மா, எப்படிம்மா இறக்குனேன்?"

"ரெண்டு தடவ இறக்குனடி" என்றாள் அம்மா. "ரெண்டு தடவையும் நான் உள்ள இருந்தேன்."