கூனன்மலை குடித்த தண்ணீர்

மைசூர் ஹெப்பாளில் புதிதாகக் கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாவது மாடியில், வினிதா வீட்டுச் சமையல் மேடையில் வைத்த தக்காளி வைத்த இடத்தில் நிற்கவில்லை. எங்கே வைத்தாலும் தென்கிழக்கு மூலைக்கு உருண்டு போய்ச் சுவரில் முட்டி நின்றது. எலுமிச்சை, வெங்காயம், முட்டை எல்லாவற்றுக்கும் அதே மூலைதான். உருளத் தெரியாத குக்கர்கூட மெல்ல நகர்ந்து, காலையில் வைத்தால் மத்தியானத்துக்குள் அங்கே போய்ச் சேர்ந்தது. மேடைக்குக் கருங்கல் பலகை பதித்த சென்னிமலை ரசமட்டத்தை எடுத்து வைத்துப் பார்த்தார். கண்ணாடிக் குழாய்க்குள் குமிழி நட்டநடுவில் நின்றது. கல் ஒரு நூல்கூடச் சாயவில்லை. ஆனாலும் பெயர்த்துத் திரும்பப் பதித்தார். தக்காளி உருண்டது. அடுத்த முறை வேண்டுமென்றே எதிர்ப்பக்கம் சாய்த்துப் பதித்தார். தக்காளி மேட்டில் ஏறிப் போய் அதே மூலையில் நின்றது. முப்பது வருடம் கல்லோடு இருந்தவர், அன்று கல்லைப் பார்க்க வெட்கப்பட்டுக்கொண்டு கருவிகளைப் பையில் போட்டார்.

அந்த வீட்டில் சமையல் வேலை பார்த்தவர் அவருடைய மனைவி மாதம்மா. கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பும் அவசரத்தில் வினிதா, "உங்க வீட்டுக்காரர் என்ன கல்லு ஹாக்கினாரோ, இன்னிக்கும் ரெண்டு முட்டை போச்சு நோடி மாதம்மா" என்றாள். தமிழ்ப் பெண்தான், மைசூரிலேயே பிறந்ததால் வாயில் பாதி கன்னடம்; போட்டாரோ என்பது ஹாக்கினாரோ ஆகும், பாருங்க என்பது நோடி ஆகும். மாதம்மா தரையைத் துடைத்துக்கொண்டே, "கல்லக் கேளுங்க. என்னக் கேட்டா?" என்றார். மாதம்மாவுக்குக் கோபம் வருவதில்லை. அது வந்து ஆறு வருடம் ஆகிறது, போகவில்லை, அவ்வளவுதான். அந்தக் கோபத்தோடுதான் காய் நறுக்கினார், சோறு வடித்தார், பஸ்ஸில் சன்னலோரம் உட்கார்ந்தார்.

அந்தக் கோபத்துக்கு ஒரு மலை இருந்தது. மைசூருக்குத் தென்கிழக்கே, கொள்ளேகாலம் தாண்டி, ஹனூர் தாண்டி, காட்டுக்குள் ஏறினால் வேங்கைப்பாளையம். தமிழ் பேசும் உழவர்கள் எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் மாடுகளோடு ஏறிப் போய்க் காடு திருத்திய ஊர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறு வரை அந்தப் பக்கமெல்லாம் கோயமுத்தூர் ஜில்லா. பிறகு மைசூர் ராஜ்யம் என்றார்கள். பிறகு வேறு ஜில்லா, வேறு தாலுக்கா என்றார்கள். ஊர் இருந்த இடத்தை விட்டு நகரவில்லை, கோடுகள்தான் அதன்மேல் நடந்து போயின. ராகியும் ஆமணக்கும் விளைந்தன. காட்டில் புளியும் கடுக்காயும் தேனும் எடுத்தார்கள். பிறகு காட்டுக்குள் போகாதே என்று உத்தரவு வந்தது. புளியும் தேனும் நின்றன. சோளத்துக்கு விலை வரும் என்றார்கள். யானையும் பன்றியும் வந்தன. பட்டுப்பூச்சி வளர்க்கச் சொன்னார்கள். கூடு விற்கப் போனவர்கள், விற்ற காசை வண்டிக் கூலிக்கே கொடுத்துவிட்டு வந்தார்கள். மலைநாட்டில் மிஞ்சியது மூன்று: மாடு, கல், வெளியூர் போகும் பஸ்.

மாடு இருந்ததற்குக் காரணம் ஊத்து. ஊத்து இருந்ததற்குக் காரணம் கூனன்மலை. அது எப்படி வேலை செய்தது என்பது எளிது. கருங்கல் பார்வைக்குத்தான் கெட்டி. உள்ளே மயிரிழை மாதிரி வெடிப்புகள் ஓடும். பெய்த மழையை மலை அவசரமில்லாமல் அந்த வெடிப்புகள் வழியே உறிஞ்சி, மாதக்கணக்கில் உள்ளே வைத்திருந்து, கோடையில் அடிவாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக விடும். அதற்காக ஊரார் சித்திரை அமாவாசையில் மலைமுழுக்குச் செய்வார்கள். வீட்டுக்கு ஒரு குடம் சுமந்து மேலே போய், வெயிலில் மூடிப்போன உச்சிக்கல்லின் வாயைப் புளிச் சக்கையால் தேய்த்துத் திறந்து, தண்ணீரை ஊற்றி, "குடிச்சுட்டுக் குடு சாமி" என்று சொல்லிவிட்டு இறங்குவார்கள். முதல் மழைக்கு முன்னால் மலைக்குத் தாகம் எடுக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பது கணக்கு.

ஆறு வருடத்துக்கு முன் பசவராஜ் என்ற குத்தகைக்காரர் மலையை எடுத்தார். வெள்ளிப் புள்ளி போட்ட கறுப்புக் கல்லுக்கு நகரத்தில் நல்ல கிராக்கி. கிரேன் வந்தது, வைரக்கம்பி வந்தது, வெல்லக் கட்டி அறுப்பதைப் போல மலையை மேலிருந்து அறுத்து இறக்கினார்கள். ஊர் மறித்தபோது தாசில்தார் வந்தார், போலீஸ் வந்தது. மறித்தவர்களில் பாதிப் பேருக்குக் குவாரியிலேயே கூலி வேலை கிடைத்தது. அதுதான் மாதம்மாவால் இன்னும் விழுங்க முடியாதது. நாலு வருடத்தில் மலை இருந்த இடத்தில் ஒரு குழி இருந்தது. ஊத்து வற்றியது. ஊர் காலியாகிக் கட்டட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் வாசல் காவலுக்கும் மைசூருக்கு இறங்கியது.

மலை போன பிறகும் அதன் நிழல் போகவில்லை. தினமும் மூன்று மணிக்கு வேங்கைப்பாளையத்தின் மேல் கூன் விழுந்த ஒரு நிழல் வந்து படுத்தது. ஆடுகள் வழக்கம்போல் வெறும் ஆகாயத்தில் ஏறி, பனை உயரத்தில் மேய்ந்துவிட்டு, சாயங்காலம் வயிறு நிறைந்து இறங்கின. நில அளவைக்கு வந்தவர்கள் பார்த்துவிட்டு, ஆடுகள் தங்கள் துறையில் வராது என்று சொல்லிப் போனார்கள். ஊரில் மிஞ்சியது நாலு குடும்பம். அதில் ஒன்று மாதம்மாவின் தம்பி சிவகுமாருடையது. தை பிறந்ததும் மாடுகளை விற்றுவிட்டு இறங்கிவிடுவதாக அவன் போனில் சொல்லியிருந்தான். அவன் இறங்கினால் மற்ற மூன்றும் இறங்கும். பிறகு ஊர் என்று சொல்ல நிழல் மட்டும்தான் இருக்கும்.

தக்காளி வினிதா வீட்டில் மட்டும் உருளவில்லை. தேவராஜ மொஹல்லாவில் ஒரு நகைக்கடையின் புதுப் படிகளில் கழற்றிவிட்ட செருப்புகள் ஒரே மூலையில் குவிந்தன. அக்ரஹாரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் பந்திக்கு உட்கார்ந்தவர்கள் பாயசம் வருவதற்குள் தென்கிழக்குச் சுவரோரம் நெருக்கியடித்துக்கொண்டிருந்தார்கள். எல்லாம் அதே வெள்ளிப் புள்ளிக் கல். சென்னிமலை சொன்னார், "ஏ புள்ள, அந்தக் கல்லுக்கு மலைச் சரிவு மறக்கல. ரசமட்டத்துக்கு என்ன தெரியும்?" சொன்னவர் அதோடு விட்டுவிட்டார், கல் சரியில்லை என்று வேலை கொடுத்த மேஸ்திரியிடம் வாங்கிய வசவே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

கார்த்திகையில் ஒரு நாள், புளி கரைத்த சட்டி உருண்டு போய் மூலையில் கவிழ்ந்தது. மாதம்மாவுக்குப் பொறுக்கவில்லை. சக்கையை அள்ளி, பித்தளைக் குடத்தைத் தேய்ப்பதுபோல் கல்லை அழுத்தித் தேய்த்தார். பளபளப்புக்குப் பூசியிருந்த மெழுகு கறுப்பாகக் கையோடு வந்தது. கீழே இருந்த தரை துடைக்கும் வாளியைத் தூக்கிக் கல்லின் தலையில் ஊற்றி, "குடி! எங்கள எல்லாம் தின்னியே, இதையும் குடிச்சுத் தொலை! குடிச்சுட்டுக் குடு!" என்று கத்தினார். தண்ணீர் தரையில் வழியவில்லை. ஒரு வாளித் தண்ணீரும் கல்லுக்குள் இறங்கியது, ஈரத் தடம்கூட இல்லை. மாதம்மா ஒரு தக்காளியை எடுத்து நடுவில் வைத்தார். அது அங்கேயே நின்றது.

மறுநாள் சாயங்காலம் சிவகுமார் கூப்பிட்டான். "அக்கா, ஊத்துல ஈரம் கட்டுதுக்கா. வெறும் ஈரமில்ல, சொட்டுது. ஆனா புளி வாசம் அடிக்குது. கூடவே என்னமோ சோப்பு வாசம்."

"குடிக்கலாமாடா?"

"மாடு குடிச்சுருச்சு. ஒண்ணும் சொல்லல."

அப்போதுதான் மாதம்மாவுக்குத் தாங்கள் செய்த தவறு தெரிந்தது. மலை போய்விட்டது என்று நம்பி முழுக்கை நிறுத்தியிருந்தார்கள். மலை போகவில்லை. மைசூர் முழுக்கச் சமையல் மேடையாகவும் படிக்கட்டாகவும் கலைந்து கிடந்தது, தாகத்தோடு. மறுநாளே வேங்கைப்பாளையத்துக்காரர்கள் எல்லோருக்கும் போன் போனது. நகைக்கடை கூட்டும் ஜோதிமணி கடை திறக்குமுன் படிகளைத் தேய்த்து ஊற்றினாள். கல்யாண மண்டபத்துக் காவலாளி பந்தி முடிந்ததும் ஊற்றினான். முதலாளிகள் திட்டினார்கள். செருப்பும் பந்தியும் இருந்த இடத்தில் இருப்பதைப் பார்த்ததும், தங்கள் சொந்த யோசனை என்று சொல்லிக்கொள்ளத் தொடங்கினார்கள். ஊத்தில் மூன்று மாட்டுக்குத் தண்ணீர் வந்தது. சில நாள் பாயச வாசம், சில நாள் பினாயில் வாசம். ஆனால் நாலு குடும்பத்துக்கும் அவர்கள் மாடுகளுக்கும் அது போதாது. மார்கழி பாதி போய்விட்டது. வாய் இல்லாமல் எவ்வளவு குடிக்க முடியும்? மலையின் வாய் உச்சிக்கல். அது எங்கே என்று சென்னிமலைக்குத் தெரியும். பசவராஜ் அதைப் பலகைகளாக அறுத்து, வளையச் சாலைப் பக்கம் தான் கட்டிய வீட்டுக்கூடத்தில் போட்டிருந்தார்.

அந்த வீட்டில் சோபாவும் கட்டிலும் பீரோவும் தென்கிழக்குச் சுவரில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றன. பசவராஜ் அந்தச் சுவரோடு ஒட்டித்தான் தூங்கினார், ஒட்டித்தான் சாப்பிட்டார். கம்பளம் விரித்தார், கம்பளமும் போனது. கடைசியில் வீட்டின் அஸ்திவாரமே அந்தப் பக்கம் விரிசல் விட்டது. ஹெப்பாளில் யாரோ கல்லைச் சரிசெய்ததாகக் கேள்விப்பட்டுச் சென்னிமலைக்கு ஆள் அனுப்பினார். கூடவே மாதம்மாவும் போனார்.

பசவராஜ் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கொள்ளேகாலத்தில் வளர்ந்தவர், தமிழ் வரும். "ஏனம்மா மாடோது? என்ன செய்யறது, சொல்லு. என்ன வேணும் உனக்கு?"

"எனக்கு ஒண்ணும் வேண்டாமுங்க. குடத்தை எடுங்க."

"நானா?"

"பின்ன? மலையை அறுக்கச் சொன்னது நானுங்களா?"

"வேலக்காரங்க இருக்காங்கம்மா. எனக்கு முட்டி வலி."

"எங்கூருக்கு மூணு மைல் நடந்து தண்ணி சுமக்கற வலி. உங்க முட்டி ஊத்துனாத்தான் இந்தக் கல்லு குடிக்கும். இஷ்டமில்லீன்னா விடுங்க, செவுரு இன்னும் ரெண்டு மாசம் நிக்கும்." இதைச் சொல்லும்போது மாதம்மாவின் குரல் உயரவில்லை. சென்னிமலை மட்டும், பெண்டாட்டி பொய் சொல்லும்போது இவ்வளவு மரியாதையாகப் பேசுவாள் என்று அன்றுதான் அறிந்தவராய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பசவராஜ் குனிந்தார். புளிச் சக்கையால் கூடம் முழுக்கத் தேய்க்க அவருக்கு உச்சிப்பொழுது ஆகிவிட்டது. தோட்டத்துக் குழாயிலிருந்து குடம் குடமாகச் சுமந்து வந்து ஊற்றினார். குடத்துக்கு ஒரு முறை, மாதம்மா சொல்லிக்கொடுத்தபடி, குடிச்சுட்டுக் குடு சாமி என்றார். சரியாகச் சொல்லாத குடங்களை மாதம்மா கணக்கில் எடுக்கவில்லை. கல் குடித்துக்கொண்டே இருந்தது. வெளிச்சம் மங்கும்போது பீரோவின் மேலிருந்த சோபா தானாக இறங்கித் தரையில் உட்கார்ந்தது. இரண்டாம் நாள் வேங்கைப்பாளையத்தில் ஊத்து பழைய அளவுக்கு ஓடியது. சிவகுமார் மாடுகளை விற்கவில்லை. தை பிறந்தது, இரண்டு குடும்பம் திரும்ப ஏறியது.

இப்போது மைசூரில் வெள்ளிப் புள்ளிக் கல் பதிக்கும் கிரானைட் வேலைக்காரர்கள் ரசமட்டம் வைத்து முடித்ததும் வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லிவிட்டுத்தான் போகிறார்கள்: முதலில் புளிச் சக்கையால் தேய்த்து மெழுகை எடுக்க வேண்டும், தினமும் அடுப்புப் பற்றவைக்குமுன் கல்லின் மேல் ஒரு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும், ஊற்றினால் தக்காளி உருளாது. வினிதா கம்பெனிக்குக் கிளம்புமுன் ஊற்றிவிட்டுப் போகிறாள். பசவராஜ் விடியும்போது தொடங்கினால் வெயில் ஏறும்போது முடிக்கிறார். யார் ஊற்றினாலும் கல் குடிக்கும். குழாயைத் திறந்து விட்டாலும் குடிக்கும். மாதம்மா அதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை.