இரவல் குரல்

மூத்தார் லேப்டாப்பை மூடி, சார்ஜர் கம்பியை அதன்மேல் சுற்றிக்கொண்டிருந்தார். சின்னவள் கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவில், மாமியாரைத் துடைத்த ஈரத்துணியோடு நின்றாள்.

"மாமா, அது இல்லாம அத்தையால பேச முடியாது."

"நீ இந்த வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே எங்கம்மா பேசிட்டுதான் இருந்தாங்க."

அலமாரியைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். கட்டிலில் கிடந்த அத்தையின் இடது கை, லேப்டாப் இருந்த பலகையை வெறுமனே தடவியது.

சின்னவள் அந்த வீட்டின் இளைய மருமகள். கணவன் காய்ச்சலில் போய் ஓராண்டு ஆகுமுன்பே மாமியார் பக்கவாதத்தில் விழுந்தாள். வலப்பக்கம் செயலற்றுப்போனது, பேச்சும் நின்றது. வாய் இருந்த காலத்தில் அத்தை கடைசியாகப் போட்ட சட்டம் ஒன்று உண்டு: புருஷனை முழுங்கினவள் வாசலில் நிற்கக் கூடாது, வெளியே வேலைக்குப் போகக் கூடாது. பேச்சுதான் போனதே தவிர சட்டம் போகவில்லை. கணவனின் அண்ணனான மூத்தாருக்கும் அவர் மனைவியான ஓரகத்திக்கும் அது வசதியாக இருந்தது. படுத்த படுக்கையாகக் கிடப்பவளைப் பார்த்துக்கொள்ள, வெளியே போகாத, சம்பளம் கேட்காத ஆள் வேறு எங்கே கிடைக்கும்?

கணவன் விட்டுப்போன சொத்து அந்தப் பழைய தொடுதிரை லேப்டாப். அதில் புரோகிராமிங் பாடங்களைப் பார்த்தாள். பார்க்கும்போது எல்லாம் புரிந்தது. மூடியதும் ஒன்றும் தங்கவில்லை. சமையல் குறிப்பைப் படித்தே பசியாற முயன்ற கதைதான். ஒருநாள் அத்தை தண்ணீருக்கு முனகியதை வலிக்கு முனகியதாக எண்ணி மாத்திரையைக் கொடுத்துவிட்டாள். அத்தை அதைத் துப்பிவிட்டு அழுதாள். அன்றே சின்னவள் பாடங்களை ஓரம் கட்டினாள். திரையில் பெரிய பெரிய படங்கள். தொட்டால் பேச வேண்டும். அவ்வளவுதானே, செய்து பார்ப்போம் என்று உட்கார்ந்தாள்.

அவ்வளவு எளிதாக இல்லை. முதலில் ஒரு படமும் வாய் திறக்கவில்லை. திறந்ததும், எதைத் தொட்டாலும் கடைசிப் படத்தின் சொல்லையே சொன்னது. தண்ணீரைத் தொட்டால் "தலைகாணி". மாத்திரையைத் தொட்டாலும் "தலைகாணி". அத்தை கோணிய வாயால் சிரித்தாள். மகன் இறந்தபின் அவள் சிரித்து யாரும் பார்த்ததில்லை. ஒவ்வொரு படத்துக்கும் அதனதன் சொல்லைக் கொடுக்காமல் எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லைக் காட்டிவிட்டோம் என்பது, முட்டி மோதித்தான் சின்னவளுக்கு விளங்கியது. அப்படி விளங்கியது பிறகு மறக்கவே இல்லை. சொற்களைத் தன் குரலிலேயே பதிந்து வைத்தாள்.

பேச்சுப் பயிற்சி தர வீட்டுக்கு வரும் பெண் அதைப் பார்த்து அசந்துபோனாள்.

"நீங்களே பண்ணீங்களா? எங்க கிளினிக்குக்கு வந்து காட்டுங்க. இந்த மாதிரி பண்ணித்தர ஆள் தேடிட்டு இருக்கோம். வேலையே கிடைக்கும்."

மூத்தார் காதுபட அவள் சொல்லிவிட்டதுதான் வினையாகப் போயிற்று. அத்தையை யார் பார்த்துக்கொள்வது என்று ஓரகத்தி கேட்டிருந்தால் அதில் நேர்மையாவது இருந்திருக்கும். "நாலு பேர் என்ன பேசுவாங்க?" என்றுதான் அவள் கேட்டாள்.

லேப்டாப் அலமாரிக்குள் போனபின் அத்தை மறுபடியும் முனகத் தொடங்கினாள். சின்னவள் ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்தாள். பசியா? குளிரா? தலை அசையவில்லை. துணி மாற்றப் புரட்டியபோதுதான் முதுகுப் புண்ணைக் கண்டாள். தோல் உரிந்து சதை தெரிந்தது. இதைச் சொல்லத்தான் முனகியிருக்கிறாள்.

குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, துணியை வாயில் அடைத்து அழுதாள். பிறந்த வீட்டில் அண்ணன் ஏற்கெனவே கையை விரித்துவிட்டான். இந்தக் கட்டிலில் அத்தை சாகும்வரை இருக்கலாம். அதற்குப் பின் யார் வீட்டு மூலையோ.

முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தாள். கண்ணாடி விரிசல் விட்ட தன் போனில், கட்டைவிரலால் அதே புரோகிராமை முதல் வரியிலிருந்து எழுதத் தொடங்கினாள். பார்த்து எழுத எதுவும் இல்லை. தடுக்கி விழுந்து கற்ற இடமெல்லாம் கைக்குத் தெரிந்திருந்தது. இம்முறை "புண்ணு வலிக்குது" சேர்த்தாள். "திருப்பிப் படுக்க வை" சேர்த்தாள்.

"வேற என்ன சொல்லணும் அத்தை?" என்று ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிக் கேட்டாள். பலதுக்கும் மறுத்தவள் "போ" என்றதும் தலையசைத்தாள். இந்த நிலையிலும் என்னை விரட்டத்தான் ஒரு சொல் வேண்டியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே அதையும் பதிந்தாள்.

அத்தையோடு இருக்க ஆள் வேண்டுமென்று, மூத்தாருக்கு விடுமுறையான நாளாகப் பார்த்து கிளினிக்குக்குக் கிளம்பினாள். மூத்தார் வாசலை மறித்தார்.

"அம்மாவக் கேட்டியா? அவங்க போட்ட சட்டம் இது."

உள்ளேயிருந்து சின்னவளின் குரல் கேட்டது. "போ."

இருவரும் திரும்பினார்கள். அத்தை மகனையே பார்த்தபடி விரலை மறுபடியும் போனில் வைத்தாள். "போ. போ."

மூத்தாரின் முகம் கறுத்தது. "அது உன் குரல். அம்மா சொன்னாங்கன்னு நான் எப்படி நம்புறது?"

"தண்ணி கேட்டப்ப நம்பினீங்களே, மாமா."

அவள் அவரைச் சுற்றிக்கொண்டு படியிறங்கினாள். போன் அத்தையிடம் இருந்தது. கிளினிக்கில் காட்டக் கையில் ஒன்றும் இல்லை. கேட்டால் அங்கேயே உட்கார்ந்து எழுதிக் காட்டலாம். வேலை கொடுப்பார்களா, திரும்பினால் கதவைத் திறப்பார்களா, இரண்டும் தெரியாது.

தெருவில் கால் வைத்தபோது ஜன்னல் வழியாக அவளுடைய குரலே அவளைத் துரத்தியது. "திருப்பிப் படுக்க வை."

பழக்கத்தில் கால் நின்றது.

"எந்தப் பக்கம்மா?" என்று மூத்தார் கேட்பது கேட்டது. அத்தை விழுந்த நாளிலிருந்து அவர் அப்படிக் கேட்டதே இல்லை.

சின்னவள் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.